‘ஹூட்’ கொஞ்சம் வெளுக்க வேண்டும்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு மலரில் மாணவர்களுக்காக ‘என் தொழில்’ என்றொரு பகுதி வரும். வைத்தியர், பொறியியலாளர், வழக்கறிஞர் எல்லோரும் எழுதி முடித்த பிறகு இந்த வருடம் என்னிடம் வந்தார்கள். “தங்கச்சி, நீங்கள் கொம்பியூட்டரில என்னவோ படம் கீறுறனீங்கள்தானே?” என்று கேட்டார் பொறுப்பாளர்.

நான் படம் கீறுவதில்லை. ஒஸ்லோவில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் ரீடச் வேலை செய்கிறேன். இணையத்தில் உடுப்பு விற்கும் கடைகளுக்காக எடுத்த படங்களில் தூசியையும் நூலையும் கறையையும் துடைப்பது என் வேலை. வீட்டிலும் இதே வேலைதான் பார்க்கிறேன். வீட்டில் செய்ததைத் திரும்ப எடுக்கும் ‘அன்டூ’ பொத்தான் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படித்துவிட்டு யாராவது இந்தத் தொழிலுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. வராமல் விட்டாலும் பொறுப்பில்லை. இந்த இரண்டு வரிகளும் அவசியந்தானா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1. முதல் நாள், ஒரு வெள்ளைப் புள்ளி

மகளுக்கு ஒரு வயது தாண்டி, அவளைப் பர்னஹாகேயில், அதாவது இங்கத்தைய பிள்ளைகள் காப்பகத்தில், விட்ட அதே வாரத்தில் வேலை தொடங்கியது. ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிய, பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள். பிடிக்காவிட்டால் கை குலுக்கி அனுப்புவார்கள். அந்த ஆறு மாதமும் யாராவது கை நீட்டினாலே என் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வேன்.

ஸ்டூடியோவை நடத்துபவர் தூரிட். ஐம்பது வயது தாண்டிய நோர்வேஜியப் பெண். அவர் பேசுவது நோர்வேஜிய மொழிதான். ஆனால் என் தலைக்குள் அவர் சொல்வதும் இங்கே மற்றவர்கள் சொல்வதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். இந்த மொழியில் ‘நீங்கள்’ என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. முதலாளியையும் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். நான் வாயால் ‘நீ’ என்றும் மனத்தால் ‘நீங்கள்’ என்றும் சொல்லி, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வசனத்திலும் தடக்கி விழுவேன்.

“இஞ்சை உடுப்பின்ர நிறந்தான் கடவுள்,” என்று தொடங்கினார் தூரிட். “திரையில கண்ட நிறம் வீட்டை வந்த பாசலில இல்லையெண்டா திருப்பி அனுப்பிப்போடுவினம். முதல் வைட் பேலன்ஸைப் பார், வெள்ளை வெள்ளையாத் தெரியோணும். பிறகு உடுப்பு. பிறகுதான் ஆள்.”

அடுத்து சட்டத்தைச் சொன்னார். விளம்பரப் படத்தில் ஒருவரின் உடல் வடிவத்தையோ பருமனையோ தோலையோ கணினியில் மாற்றினால், ‘மாற்றப்பட்டது’ என்ற அடையாளத்தைப் படத்தின் மேலேயே போட வேண்டும். எந்தக் கடைக்காரருக்கும் அந்த அடையாளம் பிடிக்காது. “அதால நூலைத் தொடு, தூசியைத் தொடு. மனிசரைத் தொடாதை.”

நான் பயபக்தியோடு முதல் படத்தைத் திறந்தேன். ஒரு நீலச் சுவெட்டரில் வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்தேன், போகவில்லை. குளோன் ஸ்டாம்ப் வைத்தேன், போகவில்லை. படத்தைப் பெருப்பித்தேன், புள்ளி பெருக்கவில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மூன்றாவது லேயர் போட்டபோது தூரிட் பின்னால் வந்து நின்றார்.

“உன்ர கண்ணாடியை ஒருக்காக் கழட்டு,” என்றார்.

புள்ளி என் கண்ணாடியில் இருந்தது. மகளின் காலைக் கஞ்சி.

2. மரியாமாவின் தலைமுடி

மரியாமா மொடல். பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். அவள் ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் பிறந்து வளர்ந்தவள். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறாள். வீட்டில் கணவரிடம் அவளைப் பற்றிச் சொன்னபோது இவர், “மாரியம்மாவோ? எந்த ஊர்?” என்று கேட்டார். இவர் ரி-பான் என்ற சுரங்க ரயில் ஓட்டுகிறவர். தண்டவாளத்தைத் தவிர மற்ற எதையும் அரைக்காதால்தான் கேட்பார்.

கம்பளி உள்ளுடுப்பு, அதாவது குளிருக்குக் காலில் போடும் களிசான், விற்கும் ஒரு பெரிய கடை குளிர்கால விளம்பரத்துக்கு மரியாமாவைத் தேர்ந்திருந்தது. முதல் நாள் எடுத்த படங்கள் என்னிடம் வந்தன. பின்னணியை வெட்டி எடுப்பதற்கு நாங்கள் ஒரு தானியங்கி மாஸ்க் பாவிக்கிறோம். ஒரு பொத்தானை அமர்த்தினால் ஆள் தனியாக வரும். மரியாமாவும் தனியாக வந்தாள், ஆனால் தலையைச் சுற்றிச் சிரட்டை கவிழ்த்த மாதிரி வழவழவென்று ஒரு கோடு. சுருள்முடியின் வெளிவட்டம் முழுவதையும் மென்பொருள் தூசி என்று நினைத்து நீக்கியிருந்தது.

அன்று அவள் தற்செயலாக என் மேசைப் பக்கம் வந்தாள்.

“உது ஆர்? சைக்கிள் ஹெல்மெற் போட்ட பெட்டை?”

“ஐயோ, இல்லை, நான் இனித்தான் திருத்தப்போறன், மன்னிக்கோணும், இது மெஷின் செய்தது, நானில்லை, ஆனா அமர்த்தினது நான்தான்...”

“மூச்சு விடு,” என்றாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் பிரஷ்ஷைச் சின்னதாக்கி ஒவ்வொரு சுருளாக மீட்டுக்கொண்டிருக்க, அவள் கதைத்தாள்.

“பள்ளிக்கூடத்தில எங்கட வகுப்புப் பெட்டையள் எல்லாருக்கும் ஃபோனில ஒரே மூஞ்சி. சின்ன மூக்கு, பெரிய கண், நேர்த் தலைமயிர். ஃபில்டர் போட்டா பாகிஸ்தான்காரியும் நானும் இரட்டைப் பிள்ளையள். விளம்பரத்தில கறுப்பு மனிசி வந்தா, ஒண்டில் ஓடுவா, ஒண்டில் பாடுவா, இல்லாட்டிச் சிறுத்தைப்புலி மாதிரி முறைச்சுப் பாப்பா. சும்மா நிக்கிற ஒருத்தியையும் நான் கண்டதில்லை.”

“சும்மா எண்டா?”

“சும்மா. குளிருது, கம்பளிக் களிசான் போட்டிருக்கிறா, பஸ்ஸுக்கு நிக்கிறா. எனக்கு அந்த வேலைதான் வேணும். உதைப் பழுதாக்கிப்போடாதை.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசி வரி என் மேசையில் அப்படியே இருந்துவிட்டது. ஒரு மனிதப் பிறவி தன் தலையையும் தோலையும் தொடையையும் என் கையில் தந்து ‘பழுதாக்காதே’ என்கிறாள். காலையில் மகளுக்குச் சப்பாத்தை இடம்வலம் மாற்றிப் போட்டு அனுப்பியவள் நான்.

3. வந்த குறிப்பு

நாங்கள் முடித்த படங்களைக் கடைக்காரர் இணையத்தில் பார்த்து, படத்துக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதுவார். மரியாமாவின் முக்கியமான படத்துக்கு, பெரிய சுவரொட்டியாகப் போகப்போகிற படத்துக்கு, இரண்டே வரிகள் வந்தன.

‘ஹூட் கறுப்பாக இருக்கிறது. கொஞ்சம் வெளுக்க வேண்டும்.’

நோர்வேஜிய மொழியில் ‘ஹூட்’ என்றால் தோல்.

நான் அதை வாசித்தேன். திரும்ப வாசித்தேன். அகராதியில் பார்த்தேன். இருபது வருடமாகத் தெரிந்த சொல்லை அகராதியில் பார்த்தேன்! தோல்தான்.

வெளுக்கக்கூடாது. அது தெரியும். சட்டம் ஒரு பக்கம், மரியாமா ஒரு பக்கம். ஆனால் மாட்டேன் என்றால் பெரிய கடை கோபிக்கும், தூரிட் கை நீட்டுவார், குலுக்குவார், சோதனைக் காலம் முடிந்துவிடும். சும்மா எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காகத் தோலை மட்டும் தெரிவுசெய்து, வெளிச்சம் கூட்டும் ஸ்லைடரைச் சிறிது தள்ளினேன். மரியாமா சாம்பல் பூசியவள் போல ஆனாள். பதறி அன்டூ செய்தேன். பிறகு, நான் தொட்டதை யாரும் கண்டிருப்பார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். தூரத்தில் ஒருவர் ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் கனடாவிலிருந்து மாமி வீடியோவில் வந்தார். மகளைக் கண்டதும், “என்ன பிள்ளை கறுத்துப்போனாள்? வெயிலுக்கை விடுறனியே?” என்றார்.

நவம்பர் மாதம். ஒஸ்லோ. வெயிலை நான் எங்கே போய்ப் பிடிப்பது? பிள்ளைக்கு வெயில் போதாது, மீனெண்ணெய் கொடு என்று இங்கே தாதி சொல்கிறார். வெயில் கூடிப்போச்சு, கடலைமா பூசு என்று மாமி சொல்கிறார். நான் இரண்டையும் செய்கிற ஆள். பிள்ளை மீன் பஜ்ஜி மாதிரி மணக்கும். வீடியோ அழைப்பில் ‘அழகாக்கு’ என்றொரு பொத்தான் இருக்கிறது. மாமி வரும்போது அதை அமர்த்திவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவேன். அன்று பதற்றத்தில் அமர்த்த மறந்துவிட்டேன். அழைப்பு முடியும்வரை என் கை அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்தது.

இப்படிப்பட்டவள்தான் நாளைக்குப் போய் ஒரு கறுப்புப் பெண்ணின் தோலுக்காக நியாயம் கேட்கப் போகிறேன் என்று இவரிடம் அறிவித்தேன்.

“உமக்கு இன்னும் சோதனைக் காலம் முடியேல்லை,” என்றார் இவர். “முதல் அந்த மனிசியிட்ட, இதென்ன எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருமன்.”

“கேட்கிறதுக்கு என்ன கிடக்கு? எழுத்தில கிடக்கு.”

“சரி. அப்ப கேளாதையும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

4. என் வீர உரை

காலையில் எல்லிங்ஸ்ருட்டில் ரயில் ஏறியதிலிருந்து உரையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ‘நான் ஒரு தாய்’ என்று தொடங்குவதா, ‘சட்டம் என்ன சொல்கிறது என்றால்’ என்று தொடங்குவதா என்பதில் பாதி வழி போனது. உதடு அசைவதைப் பார்த்து எதிரில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போனார்.

தூரிட்டின் அறையில் மரியாமாவும் இருந்தாள். இரண்டாம் நாள் படப்பிடிப்புக்கு வந்திருந்தாள். அவள் இருப்பதைக் கண்டதும் திரும்பி ஓட நினைத்தேன். ஆனால் கதவைத் தட்டியாயிற்று.

“நான் மரியாமாவின்ர தோலை வெளுக்கமாட்டன்,” என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “வேலை போனாலும் பரவாயில்லை. நான் ஒரு தாய். சட்டம் என்ன சொல்லுதெண்டா...”

“ஆர் வெளுக்கச் சொன்னது?” என்றார் தூரிட்.

“கிளையன்ற். எழுத்தில கிடக்கு.”

குறிப்பைத் திறந்து காட்டினேன். தூரிட் மூக்குக்கண்ணாடியை மாட்டி வாசித்தார். கடையின் பக்கத்தைத் திறந்தார். எங்கள் கோப்புகளில் பொருளுக்கு இலக்கம் மட்டுந்தான் வரும்; நிறத்தின் பெயர் வராது. கடையின் பக்கத்தில் பெயர் இருந்தது. கம்பளி உள்களிசான். நிறம்: கறுப்பு, நீலம், ஹூட்.

“பிள்ளை,” என்றார் தூரிட். “ஹூட் எண்டுறது களிசான்.”

மரியாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவரும் போதாமல் நிலத்தில் இருந்து சிரித்தாள். களிசானின் நிறந்தான் திரையில் கறுத்துத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் வெளுக்கச் சொன்னார்கள். நான் தமிழில் யோசித்திருந்தால் தப்பியிருப்பேன். தமிழில் வெளுப்பது உடுப்பைத்தானே! அறையில் என் வீரம் மட்டும் போக்கிடம் தெரியாமல் நின்றது.

“ஒரு நிமிஷம்,” என்றாள் மரியாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. “களிசானுக்குத் தோல் எண்டு பேர். அப்ப என்ர தோலுக்கு என்ன பேர்?”

தூரிட் மேசையில் இருந்த பேனையை நேராக்கினார். “பேர் வைக்கிறது கடைக்காரர். நாங்கள் படம் எடுக்கிறம்.”

“உந்தப் படத்தைச் சுவரில ஒட்டப்போகினம். இளஞ்சிவப்புக் களிசான், அதுக்குள்ள நான். கீழ ‘தோல்’ எண்டு எழுதியிருக்கும். ஸ்டோவ்னரில எங்கட பெட்டையள் பாத்திட்டு என்ன நினைப்பாளவை? தோலெண்டா அதுதான், மரியாமா போட்டிருக்கிறது வேற என்னவோ எண்டுதானே?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீதானே வேலையை விடவும் துணிஞ்சு வந்தனி? துணிவு ஆறமுதல் கடைக்கு எழுது.”

அதுதான் பிரச்சினை. துணிவு ஆறிவிட்டது. நடக்காத அநியாயத்துக்கு வேலையை விடத் தயாராக இருந்தவள், நடக்கிற விஷயத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதப் பயந்து, “நாளைக்கு யோசிப்பமே?” என்றேன்.

மரியாமா உடுப்பு மாற்றப் போனாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

5. நான் கண்டுபிடித்த கோழைத்தனமான வழி

இந்த நாட்டில் வேலைத்தலத்தில் ஏதாவது பிழைத்தால் ‘அவ்விக்’ எழுதலாம். ஏணி ஆடுகிறது, வயர் காலில் தடக்குகிறது என்பது போன்ற பிசகுகளை அறிவிக்கும் குறிப்பு அது. அதில் உணர்ச்சி தேவையில்லை. எனக்கு அது பொருந்தியது. நான் எழுதினேன்:

‘ஹூட் என்ற நிறப்பெயர் இரண்டு பொருள் தருகிறது. இதனால் ஓர் ஊழியர் மொடலின் தோலை மாற்ற இருந்தார். மாற்றியிருந்தால் விளம்பரத்தில் அடையாளம் போட நேர்ந்திருக்கும். மேலும், பொருள் விவரத்தில் ‘தோலோடு ஒன்றி மறைந்துபோகும்’ என்று இருக்கிறது. இந்தப் படத்தில் அது மறையவில்லை. இருட்டில் வீதி கடக்கப் பாவிக்கலாம் போலத் தெரிகிறது.’

கடைசி வரியை அழித்தேன். திரும்பப் போட்டேன். அழித்தேன். அனுப்பிய பிறகு பார்த்தால், போட்டிருந்தது.

தூரிட் வாசித்துவிட்டுத் தன் பெயரையும் கீழே சேர்த்துக் கடைக்கு அனுப்பினார். மறுநாளே வீடியோக் கூட்டம். கடைப் பக்கத்தில் ஹென்ரிக் என்ற இளைஞர், நல்ல பிள்ளை.

“ஹூட் எப்பவும் ஹூட்தானே? ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

நாங்கள் இரண்டு பேரும் மற்றவர் பேசுவார் என்று காத்திருந்தோம். கடைசியில் என் வாய்தான் திறந்தது. “வாங்கின ஒராள், ‘மறையும் எண்டு சொன்னீங்கள், மறையேல்லை’ எண்டு முறையிட்டா, அந்தப் படமே அவவுக்குச் சாட்சி.”

நியாயம், கண்ணியம் எதுவும் நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முறைப்பாடு என்று மட்டுமே சொன்னேன். ஹென்ரிக் உடனே குறிப்பெடுத்தார்.

ஒரு வாரத்தில் நல்ல செய்தி வந்தது. கடும் மண்ணிற நூலிலும் களிசான் செய்யப் போகிறார்களாம். அதன் பெயர் ‘கறுத்த ஹூட்’. பழையது ‘ஹூட்’ ஆகவே இருக்கும்.

நான் துள்ளிக்கொண்டு மரியாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்ப அவைக்குத் தோல், எனக்குக் கறுத்த தோல்,” என்றாள். “திரும்ப எழுது.”

திரும்ப எழுதினேன். அடுத்து வெளிறியதற்கு ‘ஓட்ஸ்’, கறுத்ததற்கு ‘கோப்பி’ என்று பெயர் வந்தது. அதையும் சொன்னேன்.

“எங்களை ஏன் எப்பவும் குடிக்கினம்?” என்று கேட்டாள். “கோப்பி, கொக்கோ, சொக்லேட். நான் என்ன கன்ரீனே?”

மூன்றாவது முறை ஒரு பக்கம் எழுதி, முழுவதையும் அழித்தேன். சோதனைக் காலத்தின் கடைசி வாரம். நான் எழுதியது ஒரே வரி: ‘நிறங்களுக்கு இலக்கம் கொடுத்தால் குழப்பம் இராது.’ நோர்வேஜியருக்கு இலக்கம் பிடிக்கும். இப்போது அந்தக் கடையில் களிசான்கள் இலக்கத்தில் இருக்கின்றன. சிறிய இலக்கம் ஏன் அந்த நிறத்துக்கு, பெரியது ஏன் இந்த நிறத்துக்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன்.

சோதனைக் காலத்தின் கடைசி நாள் தூரிட் கூப்பிட்டார். கையை நீட்டினார். நான் என் கையைப் பின்னால் ஒளித்தேன்.

“நிரந்தரம்,” என்றார். “ஒரு புத்திமதி. இனி வேலையை விட வரேக்கை, முதல் கேள்வியைக் கேள். பிறகு விடு.”

ஜனவரியில் அந்தப் படம் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் சுவரில் ஏறியது. மரியாமா சும்மா நிற்கிறாள். அவளே போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“தலைமயிர் என்ர. நிறம் என்ர. தொடையும் என்ர,” என்றாள். “உண்மையைச் சொல்லட்டே? தொடையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம் எண்டு எனக்கே ஒருக்கா வந்திட்டுது. இவ்வளவு கதைச்ச எனக்கே!”

“நான் உன்னட்டை முதலே கேட்டிருந்தா...”

“பொறு. பக்கத்தில ரெண்டு பெட்டையள் நிண்டவை. எங்கட நிறம், பதின்மூண்டு பதினாலு வயது இருக்கும். ஒருத்தி மற்றவளிட்ட, ‘பாரடி, உன்ர தொடை’ எண்டாள். மற்றவள் சிரிச்சாள்.”

“என்ன மாதிரிச் சிரிச்சாள்? சந்தோசமாவோ, வெக்கப்பட்டோ? மற்றவள் நக்கலாச் சொன்னவளோ?”



“எனக்கும் தெரியேல்லை,” என்றாள் மரியாமா. “ஆனா சிரிச்சவள் தன்ர ஃபோனை எடுத்து, சுவருக்குப் பக்கத்தில அதே மாதிரி நிண்டு படம் எடுத்தவள்.”

“ஃபில்டர் போட்டோ?”

“உன்னோட கதைக்கேலாது,” என்று வைத்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எழுத்தில் வருகிற ஒரு சொல் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். ‘தோல்’ என்று யாராவது எழுதினால், யாருடைய தோல் என்று கேளுங்கள். கேட்கும்போது குரல் கீச்சென்று வரும். பரவாயில்லை, வந்தபடியே கேளுங்கள். என் குரல் இன்னும் அப்படித்தான் வருகிறது.